முதலில் பிரேக், அப்புறம்தான் எஞ்சின்!



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய காருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதுவும் நம்மைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வயதான கார் என்றால், பல் மட்டுமல்ல, நாடி நரம்பு அத்தனையும் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். அப்படிப் பார்க்கப் போய் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் தாய்மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே அவருக்கு பத்மினி கார் மேல் ஒரு கண். ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து 1978-ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அத்தை சொன்ன முதல் வார்த்தை: "இதுக்கு மேல பெரிய செலவுன்னு ஏதாவது வந்துச்சுன்னா, நேரா பழைய இரும்புக் கடைதான்!" மாமா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏற்காடு போறோம்டா மாப்ளே!" என்றார்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு எஞ்சின் வேண்டும். இறங்குவதற்கு? "மாமா, ஞாயித்துக்கிழமை வேண்டாம். எனக்கு ரெண்டு வாரம் டைம் குடுங்க. முதல்ல பிரேக்கைப் பார்த்துடலாம்" என்றேன். முகம் கொஞ்சம் வாடினாலும் சம்மதித்தார். டிப்ளமோ படிக்கும் மருமகன் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை!

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

இந்த வண்டியின் பூர்வீகம் இத்தாலி. ஃபியட் 1100 என்ற காரை, பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை நம் நாட்டில் தயாரித்தது. 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், ஸ்டீரிங் பக்கத்திலேயே கீர் லீவர், பின் சக்கர ஓட்டம், பின்னால் பட்டை ஸ்பிரிங். மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸி என்றால் இதுதான். அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி, 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டு விடைபெற்றது.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இந்த வண்டி ஒரு வரப்பிரசாதம். ஏனென்றால் இதில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. தியரி புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அந்தக் கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், டேப்பட் எல்லாம் பானெட்டைத் தூக்கினால் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கின்றன.

பேப்பரும் காந்தமும்

முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்தேன். மூன்று பத்தி பிரித்துக் கோடு போட்டேன். 'உடனே', 'பிறகு', 'வேண்டாம்'. பார்க்கிற ஒவ்வொரு குறையும் இந்த மூன்றில் ஒன்றில் விழ வேண்டும் என்பது விதி.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த தேதி சரியாக இருந்தது. இந்த ஒன்று இல்லையென்றால் மற்ற எல்லா வேலையும் வீண்.

அடுத்து பாடி. பத்மினிக்கு லாரி மாதிரித் தனியாகச் சட்டம் கிடையாது. பாடியே சட்டம். மோனோகாக் என்று படித்தோமே, அதுதான். ஆகையால் இதில் துரு என்பது அழகுப் பிரச்சினை அல்ல, பலத்தின் பிரச்சினை. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு முழுவதும் நகர்த்திக்கொண்டே போனேன். தகடு இருக்கும் இடத்தில் 'டக்'கென்று பிடிக்கும். பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசி மறைத்திருந்தால் பிடிக்காமல் நழுவும். விளிம்பு முழுக்கப் பிடித்தது. அப்பாடா! ஆனால் டிரைவர் கால் வைக்கும் இடத்து மேட்டைத் தூக்கினால், உள்ளங்கை அளவுக்குத் தகடு அப்பளமாகியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தியதும் தரை தெரிந்தது. 'உடனே' பத்தியில் முதல் வரி அதுதான்.

மாமாவோ, "நல்லா வெள்ளை பெயிண்ட் அடிச்சிட்டா ஜம்முனு இருக்கும்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெயிண்டை 'பிறகு' பத்தியில் எழுதினேன்.

நிறுத்தத் தெரியாத வண்டி

பிரேக் பெடலை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்தேன். அரை நிமிஷத்தில் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது என்று அர்த்தம்.

இந்த வண்டியில் ஹைட்ராலிக் லைன் ஒரே சர்க்யூட். நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர். இப்போதைய கார்களில் இரண்டு சர்க்யூட் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். இதில் ஒரு சக்கரத்தில் பெரிய கசிவு வந்தால் நான்கு சக்கரமும் கையை விரித்துவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகாதீர்கள் நண்பர்களே! ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல.

இடது பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியதும் காரணம் கிடைத்துவிட்டது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறை முழுக்க ஈரம். பிரேக் ஷூ லைனிங் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதனால் தூசியை வாயால் ஊதவோ, ஏர் அடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித்தான் போட்டோம்.

சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினால் குழி குழியாக இருந்தது. ரப்பர் கப்பை மட்டும் மாற்றினால் குழி அதையும் சீக்கிரம் தின்றுவிடும். எனவே பின்னால் இரண்டு பக்கத்துக்கும் புது சிலிண்டர், புது ஷூ. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர் கிட். சேலத்தில் கிடைக்காததை மாமாவின் நண்பர் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து அனுப்பினார்.

பழைய பிரேக் ஆயில் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது. இங்கே ஒரு தியரி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட்-3 ஆயிலுக்கு விதி கேட்கும் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி போதும் என்கிறது அதே விதி. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஈரம் ஏறிய ஆயில் ஆவியாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். செமஸ்டரில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நாம் எழுதிவிட்டு வந்த விஷயம் இது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போயிருந்தால், அந்த இரண்டு மதிப்பெண் மாமா குடும்பத்தின் ஐந்து உயிர்!

கடைசியில் காற்று எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் கிட்டே உள்ள சக்கரத்தில் முடிக்க வேண்டும். மாமா உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே நிப்பிளைத் திறந்து மூட... "மிதிங்க மாமா... பிடிங்க... விடுங்க!" என்று தெருவே கேட்டது. குமிழி நின்று ஆயில் சுத்தமாக வந்தபோது, பெடல் பாதியிலேயே கல் போல நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பெடலை நான்கு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

நாற்பத்தைந்தாயிரமா, நாலு வாசரா?

அதன் பிறகே எஞ்சின் பக்கம் போனோம். ஐடிலிங்கில் வண்டி விட்டு விட்டு உதறியது. இழுவையும் குறைவு. பார்த்த ஒரு மெக்கானிக், "ரீபோர் பண்ணணும், நாப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். அத்தையின் காதில் அது விழுந்தது. அன்று மாலையே இரும்புக் கடைக்காரரின் போன் நம்பர் கேட்க ஆரம்பித்துவிட்டார்!

எனக்கு ஒரு சந்தேகம். ரிங் தேய்ந்திருந்தால் சைலன்சரில் நீலப் புகை வர வேண்டுமே? வரவில்லை. எங்கள் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் சொன்னேன். "ஊகிக்காதே, அளந்து பாரு" என்று தன்னுடைய சொந்த கம்ப்ரஷன் கேஜைக் கொடுத்து அனுப்பினார்.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, இக்னிஷனைத் துண்டித்து, நான்கு பிளக்கையும் கழற்றினோம். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி மாமா செல்ஃப் அடிக்க, நான் குறித்துக்கொண்டேன். முதல் சிலிண்டர் 120 பி.எஸ்.ஐ., இரண்டாவது 118, மூன்றாவது 70, நான்காவது 115. போர் தேய்ந்திருந்தால் நான்குமே இறங்கியிருக்கும். இங்கே மூன்றாவது மட்டும்தான் நோயாளி.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து, ரீடிங் நன்றாக ஏறும். ஏறவில்லை, 74-லேயே நின்றது. அப்படியானால் காற்று போகும் வழி வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ரேடியேட்டரில் குமிழி இல்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ஆக, வால்வு.

டேப்பட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் வைத்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கிளியரன்ஸே இல்லாமல், வால்வு முழுதாக மூட முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி இந்த இடைவெளியை விழுங்கிவிடும். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் அந்த இருக்கைக்கு ஒரு காப்பு. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோல்தான். அது நம் உடல்நலத்துக்கு நல்லது. ஆனால் பழைய எஞ்சின்காரர்கள் டேப்பட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். எஞ்சினை ஆறவைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு எட்டு வால்வையும் செட் செய்தோம். மறுபடி அளந்தால் மூன்றாவது சிலிண்டர் 108! செலவு? டேப்பட் கவருக்கு ஒரு கேஸ்கட், நாலு வாசர்.

அந்த மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. காதால் கேட்டுச் சொன்னார். நாம் கேஜ் வைத்துச் சொன்னோம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் ஒரு கார் இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பித்தது.

மீதி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாயிண்டும் கண்டென்சரும் புதிது. விரிசல் விட்ட ஒயர்கள் மாற்றப்பட்டன. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டும் புதிது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் தாங்காது. டிரைவர் காலடித் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங். மொத்தச் செலவு பதினாறாயிரத்துச் சொச்சம். பெயிண்ட் இன்னும் 'பிறகு' பத்தியில்தான் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து ஏற்காடு போனோம். இறங்கும்போது மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "எந்தக் கீர்ல ஏறினீங்களோ, அதே கீர்ல இறங்குங்க." இருபது வளைவிலும் எஞ்சின் வண்டியைப் பிடித்தது, பிரேக் தேவைப்பட்டபோது மட்டும் வேலை செய்தது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மிதமான சூடு, நான்கிலும் ஒரே அளவு. பின் சீட்டிலிருந்து அத்தை, "பரவால்லையே, வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். இதைவிடப் பெரிய எஃப்.சி. சர்டிபிகேட் வேறு எது?

நண்பர்களே! நாம் வேலைக்குப் போகும்போது இருக்கப்போவது மின்சாரக் கார்கள். கார்புரேட்டர் மியூசியத்துக்குப் போய்விடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: இந்த வண்டி நிற்குமா? அளந்தோமா, ஊகித்தோமா? எது உடனே, எது பிறகு, எது வேண்டவே வேண்டாம்? உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய வண்டி தூங்கிக்கொண்டிருந்தால், விடுமுறையில் சினிமா தியேட்டர் பக்கம் போகும் நேரத்தில் கொஞ்சம் அதன் பக்கமும் போய்ப் பாருங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு காந்தம், ஒரு ஃபீலர் கேஜ் போதும். மதிப்பெண்ணுக்காகப் படித்தது, அப்போது கைக்கு வந்து சேரும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு