எவெங்கி மக்களின் முகமூடிகள்

ஆவிகளோடு பேசி நோய் தீர்ப்பவர் எந்த நாட்டவராயினும் அவரை ‘ஷாமன்’ என்று அழைப்பது ஐரோப்பாவில் வழக்கமாகிவிட்டது. இச்சொல்லை உலகுக்குத் தந்தவர்கள் சைபீரியாவின் எவெங்கி மக்கள். முன்னர் துங்கூஸ் என அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. மொஸ்கோ வழியாக ஐரோப்பா வந்தோர் எம்மிடையே பலருண்டு. அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கிழக்கே, யெனிசே ஆறு தொடங்கி ஒக்கோட்ஸ்க் கடல் வரை பரந்த காடுதான் இவர்களது மண். சீனாவின் வடபகுதியிலும் ஒரு பிரிவினர் வாழ்கின்றனர். வேட்டையும் பனிமான் வளர்ப்பும் இவர்களின் தொழில்.

இவர்களது நம்பிக்கையில் உலகம் மேல், நடு, கீழ் என மூன்று. நோயாளியின் உயிரைக் கீழுலகத்து ஆவிகள் கவர்ந்து சென்றால், அதை மீட்டு வரப் போகிறவர் ஷாமன். சடங்குக் கூடாரத்தின் நடுவே இளம் லார்ச் மரமொன்றை நட்டு, அதன் நுனி புகைத்துவாரத்தால் வெளியே தெரியும்படி வைப்பார்கள். அதுவே உலகங்களுக்கிடையிலான வழி. தோல்மேளத்தின் ஒலியே அவரைச் சுமந்து செல்லும் வாகனம்.

நூதனசாலையில் இத்தகைய உடையொன்றைக் கண்டபோது எம்மை முதலில் தடுத்து நிறுத்தியது அதில் தொங்கிய இரும்புதான். பறவை உருவங்கள், எலும்புபோல் அடித்த தகடுகள், தலையில் இரும்பு மான்கொம்பு. இத்தனையையும் தாங்கிக்கொண்டு மனிதர் இரவிரவாக ஆடினாராம்! முகமூடி எல்லோரும் அணிவதில்லை. பலர் தலையணியிலிருந்து தொங்கும் குஞ்சங்களால் கண்களை மறைத்துக் கொண்டனர். அணிந்தவர்களுக்கு, மரத்தாலோ செம்பாலோ இரும்பாலோ ஆன அது வேடமன்று, மூதாதையின் முகம். அதை அணிந்ததும் பேசுபவர் அந்த மூதாதையே.

வெளியார் இதை வேறுவிதமாகவே பார்த்தனர். 1692ல் ஒல்லாந்தர் நிக்கொலாஸ் விற்சன் வெளியிட்ட நூலில் கொம்பும் மேளமுமாக ஒரு துங்கூஸ் ஷாமனின் படம் உண்டு. பாதங்களை மிருக நகங்களோடு வரைந்து, பிசாசின் பூசாரி என்றும் குறித்திருக்கிறார்கள். கரடியைத் ‘தாத்தா’ என மரியாதையோடு அழைத்து, அதைக் கொன்று உண்ணும்போது, பழி தம்மேல் வராதிருக்கக் காகம்போல் கரையும் மக்களை இவர்கள் எங்கே புரிந்துகொள்ளப் போகிறார்கள்?

1930களில் சோவியத் ஆட்சி ஷாமன்களைக் கைதுசெய்தது. மேளங்களும் உடைகளும் பறிக்கப்பட்டன. சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் மகா பீற்றர் மன்னர் 1714ல் தொடங்கிய குன்ஸ்த்கமராவிலும் பிற நூதனசாலைகளிலும் எவெங்கி ஷாமன்களின் பொருட்கள் இருக்கின்றன. பிள்ளைகளோ தாய்தந்தையரைப் பிரிந்து விடுதிப் பாடசாலைகளுக்குச் சென்று ருஷ்ய மொழியில் வளர்ந்தனர். 2010ம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி ருஷ்யாவில் எவெங்கியர் ஏறத்தாழ 38,000 பேர். தம் மொழி தெரிந்தோர் 5,000 பேருக்கும் குறைவு. ‘ஷாமன்’ என்ற சொல் உலகெங்கும் பரவியிருக்க, அது பிறந்த மொழியின் நிலை இது.

ஆயினும் காட்டில் பனிமான் மேய்க்கும் குடும்பங்கள், உண்ணுமுன் நெருப்புக்கு ஒரு துண்டுக் கொழுப்போ உணவோ இடும் வழக்கத்தை விட்டுவிடவில்லை. அதற்கு ஷாமனும் வேண்டாம், முகமூடியும் வேண்டாம். அடுப்பருகே இருக்கும் பாட்டியே செய்துவிடுவார்.