ஜூடை இப்படியா முடிப்பது?

ஹொலி பிளாக்கின் ‘த குயின் ஒஃப் நத்திங்’ வாசித்து முடித்தோம். சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறோம். ஏமாற்றம்தான். (வாசிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முழுக் கதையும் கீழே இருக்கிறது.)

2018இல் ‘த குரூவல் பிரின்ஸ்’ வந்தபோது ஜூடை நமக்கெல்லாம் ஏன் பிடித்தது? தேவதைகள் நாட்டில் வளரும் மனிதப் பிள்ளை. வளர்த்தவனே அவளுடைய உம்மா வாப்பாவைக் கொன்றவன். மந்திரம் தெரியாது, அவர்களளவு பலமும் கிடையாது. ஆனால் தேவதைகளால் பொய் சொல்ல முடியாது, இவளால் முடியும். அந்த ஒன்றை வைத்தே அரண்மனையை ஆட்டிவைத்தாள். கையில் ஒன்றுமில்லாத பெண்பிள்ளை மூளையால் நிமிர்வதை வகுப்பில் பிள்ளைகள் எப்படி ரசித்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

‘த விக்கெட் கிங்’ முடிவில் கார்டன் அவளை நாடு கடத்துகிறான். முடி மன்னிக்கும்வரை திரும்பக் கூடாதாம். அவளே இப்போது ராணி, தன்னைத் தானே மன்னித்துவிடலாம்! எவ்வளவு அழகான புதிர். மூன்றாம் புத்தகத்தில் அதை ஜூட் அவிழ்க்கவேயில்லை, கார்டன்தான் விளக்கிச் சொல்கிறான். அங்கேயே நமக்கு மனசு விட்டுப்போயிற்று.

பிறகு அவன் பாம்பாகிறான், அவள் தலையை வெட்டுகிறாள், அவன் திரும்பி வருகிறான். எல்லாம் மளமளவென்று. மூன்றிலும் மெலிந்த புத்தகமும் இதுதான்.

மெடொக்கின் முகாமில் நடக்கும் பகுதிகள் மட்டும் பழைய ஜூடைக் காட்டின. அதற்காகவே மூன்றையும் வாசிகசாலையில் வைக்கப்போகிறோம். பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.