வீட்டை இடிச்சுப் பார்!

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு சொல்லி வெச்ச பெரியவங்க, வீட்டை இடிச்சுப்பார்னு ஒண்ணு சொல்லாம விட்டுட்டாங்க மக்களே. அடியேன் இன்னும் கல்யாணம் பண்ணல, வீடும் கட்டல. நேரா அந்த மூணாவது ஐட்டத்துல கையை வெச்சுட்டேன். அந்த சோகக் கதைதான் இது.

அம்பாசமுத்திரம் பக்கத்துல பூட்டன் கட்டின வீடு. தெரு முழுக்க வீடுங்க ரயில் பெட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். ஆச்சி எங்களோட திருநெல்வேலிக்கு வந்தப்புறம் பூட்டியே கிடந்துச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்துல அடுக்களைக் கூரை உள்ள விழுந்துருச்சு. அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூணு பேரும் கூடிப் பேசி, இடிச்சுட்டு சின்னதா ஒண்ணு கட்டிரலாம்னு முடிவு பண்ணினாங்க. "நீதான் இன்ஜினியராச்சே, நீயே பாத்துக்கோ"ன்னு பொறுப்பு என் தலையில வந்து விழுந்துச்சு. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்க. எனக்குத் தெரிஞ்ச இடிப்பு எல்லாம் டெலீட் பட்டனோட சரி.

என் லட்சணத்துக்கு ஒரு சாம்பிள். கீழ விழுந்த ஓட்டைத் திருப்பிப் பாத்தா 1865னு அச்சு. ஆஹா, வீட்டுக்கு நூத்தம்பது வயசுக்கு மேலன்னு குடும்ப வாட்சப் குழுவுல பெருமையடிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச வருஷம். ஓடு சுட்ட வருஷம் இல்ல. ஹிஹி.

இடிக்க மூணு பேர்கிட்ட விலை கேட்டேன். ஒருத்தர் "எழுபதாயிரம் குடுங்க"ன்னார். இன்னொருத்தர் "அறுபதாயிரம் நான் தாரேன்"னார். எனக்குத் தலை சுத்திருச்சு. ஒரே வேலைக்கு ஒருத்தர் காசு கேக்குறார், இன்னொருத்தர் காசு தர்றார்! விஷயம் என்னன்னா, பழைய வீட்டுல நிலை, கதவு, உத்திரம் எல்லாம் தேக்கு. செங்கல்லை சுண்ணாம்புக் காரை வெச்சுக் கட்டியிருந்தா தட்டினதும் முழுசா கழண்டு வரும், அதையும் விக்கலாம். சிமெண்ட்ல கட்டினது உடைஞ்சுதான் வரும். ஆக, மரத்தைக் கரையான் எவ்வளவு தின்னுருக்குங்கறதைப் பொறுத்து, காசு யாரு யாருக்குக் குடுக்கணும்னே மாறிரும்.

மூணாவதா வந்த அண்ணாச்சி ஒவ்வொரு உத்திரத்தையும் உளியால குத்திப் பாத்துட்டு, "1,10,000 தாரேன் தம்பி, சாமான் பூரா எனக்கு"ன்னார். கூடவே ஒண்ணு சொன்னார். "கூரையக் கையால இறக்கிருவோம். சுவருக்கு ஜேசிபி விடலாம். ஆனா வடக்குச் சுவரு மட்டும் கையாலயே எடுக்கது நல்லது. அதுக்கு ஆள்கூலி 38,000 கழிச்சுக்கிடுவேன்."

நமக்குத்தான் எக்ஸெல் ஷீட் இருக்கே. ஆளு எக்ஸ்ட்ரா காசுக்கு அடி போடுறார்னு நெனச்சேன். "எல்லாத்துக்கும் ஜேசிபியே விடுங்க அண்ணாச்சி." அவர் ஒரு நிமிஷம் என்னைப் பாத்தார். அப்புறம் சரின்னுட்டார்.

முதல் நாலு நாள் அழகாப் போச்சு. கட்டும்போது கடைசியா ஏறினது முதல்ல இறங்கணும், அவ்வளவுதான் இடிக்கிற கலை. ஓடு கை மாறிக் கை மாறி கீழ வந்துச்சு. அப்புறம் ரீப்பர், கைமரம், உத்திரம். வடக்கு வீட்டுத் தாத்தா தனியா இருக்கறவர். தினமும் திண்ணையில உக்காந்து பாத்துட்டே இருப்பார். ரெண்டு தடவை எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தார்.

அஞ்சாம் நாள் ஜேசிபி வந்துச்சு. வடக்குச் சுவர்ல ஒரே ஒரு தள்ளுதான். அந்தப் பக்கம் ஏதோ பொலபொலன்னு விழற சத்தம். அண்ணாச்சி கையைத் தூக்கி வண்டியை நிறுத்திட்டு ஓடினார். பின்னாடியே நானும்.

தாத்தா வீட்டு முன்னறையில காரை பேந்து தரையெல்லாம் கிடக்கு. சுவர்ல விரல் நுழையற அளவுக்கு வெடிப்பு. அவர் வீட்டு உத்திரத்தோட முனை அந்த வெடிப்புக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. அதாவது ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு சுவர் இல்ல. ஒரே சுவர். அதை இடிச்சா அவர் கூரை கீழ வந்துரும்.

தாத்தா கையில டம்ளரோட நின்னுட்டு இருந்தார். திட்டல. "பேரப்புள்ள, நான் வெளிய வந்திரணுமா, உள்ள இருக்கலாமா?"ன்னு கேட்டார்.

என்ன பதில் சொன்னேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே சவுக்குக் கட்டை வெச்சு உத்திரத்துக்கு முட்டுக் குடுத்தோம். தாத்தாவை ஒரு வாரம் அவர் மக வீட்டுக்கு அனுப்பி வெச்சோம். ராத்திரி ஆச்சிக்கு போன் பண்ணினேன்.

"அது பொதுச்சுவருல்லா! ரெண்டு வீட்டுக்காரவளும் பாதிப் பாதி துட்டு போட்டுக் கட்டினது. உங்க தாத்தா அதுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அங்க போய் சொல்லிட்டுத்தான் செய்வாவ."

"ஏன் ஆச்சி எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையேல."

உண்மைதான். எக்ஸெல்ல பதினெட்டு வரி இருந்துச்சு. அந்த வீட்டுல அறுபது வருஷம் இருந்த மனுஷிகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு ஒரு வரி இல்ல. இடிக்கிற வேலைக்குன்னே ஐஎஸ் 4130னு ஒரு இந்தியத் தர விதிமுறை இருக்கு. பக்கத்துக் கட்டடத்தை முதல்ல பாதுகாக்கணும்னு அதுல இருக்கு. அதையும் இதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

கடைசிக் கணக்கு இது:

வரவு 1,10,000.
சுவரை நிறுத்தி, வெடிப்பு அடைச்சு, ரெண்டு பக்கமும் பூசினதுக்கு 64,000.
இடிபாடு அள்ள 14 லோடு, லோடுக்கு 1,500 வீதம் 21,000.
அனுமதி, மின் இணைப்பு, குழாய் இத்யாதி 7,000.
பஸ், டீ, வடை 9,000.
மீதி 9,000 ரூபாய். 38,000 மிச்சம் பிடிக்கப் போனவனோட சாமர்த்தியம் :(

இதுல இன்னொரு காமெடியும் உண்டு. காசு குடுத்து அள்ளின அந்த இடிபாட்டுல பாதி போதும், புது வீட்டு பேஸ்மட்டத்தை நிரப்பியிருக்கலாமாம். இப்ப அதுக்கு கிராவல் விலைக்கு வாங்கப் போறேன்.

இடிக்கப் போற புண்ணியவான்களுக்கு நாலு வார்த்தை:

1. பங்காளிங்க எல்லார் கையெழுத்தும், உள்ளாட்சி அனுமதியும் கையில வந்தப்புறம் கடப்பாரையைத் தொடுங்க.
2. மின் இணைப்பை முறையா துண்டிச்சு, தண்ணிக் குழாயை அடைச்சுட்டு ஆரம்பிங்க.
3. பக்கத்து வீட்டுச் சுவரை உள்ளயும் வெளியயும் தேதியோட போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.
4. சுவர் யாரோடதுன்னு பத்திரத்துல பாருங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற வயசானவங்ககிட்ட கேளுங்க.

பொதுச்சுவர் இப்ப அப்படியேதான் நிக்குது. புது வீட்டுக்கு தனியா ஒரு சுவர், நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டப் போறோம். தாத்தா திரும்பி வந்துட்டார். போன வாரம் ஆபீஸ் மீட்டிங் நடுவுல போன் பண்ணினார். மறுபடி ஏதோ விழுந்துருச்சுன்னு பதறிப் போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல பேரப்புள்ள. காலண்டர் மாட்டணும். நம்ம சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமா?"