டப்பா கத்துது... அப்பா தூங்கணும்!



கம்ப்யூட்டருக்கு வாய் இல்லை என்று யார் சொன்னது? செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிப் பாருங்கள். ஆன் செய்ததும் "கிர்ர்" என்று சுருதி சேர்க்கும். பத்து நிமிடத்தில் டவுன் பஸ் ஜன்னல் கணக்காகத் "தடதட" என்று ஆட ஆரம்பிக்கும். தலையில் ஒரு தட்டு தட்டினால் சும்மா இருக்கும். கையை எடுத்தால் மறுபடியும் கச்சேரிதான்! ஹாஸ்டலிலும் வீடுகளிலும் நம்மவர்கள் வைத்திருப்பதில் பாதி இந்த ரகம் என்பதால், இந்த மலரில் அதைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும். அப்பா ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பகல்தான் அவருக்கு இரவு. எனக்கோ ஐந்தாவது செமஸ்டர், டிராயிங் எல்லாம் கம்ப்யூட்டரில். லீவு நாளில் நான் அதன் முன் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் போச்சு. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அம்மாதான் ஒருநாள் மெல்லச் சொன்னார்: "ராத்திரி பூரா மெஷின்கிட்ட நின்னுட்டு வர்ற மனுசன், வீட்லயும் மெஷின் பக்கத்துலயா படுக்கணும்? இதை வித்துரலாமா கண்ணு?"

விற்றால் என் ப்ராஜெக்ட் என்ன ஆவது? கடையில் கேட்டேன். "கேபினெட் மாத்தணும் தம்பி, ரெண்டு ஃபேன் மாத்தணும், மூவாயிரம் ஆகும்" என்றார்கள். கையில் மூவாயிரம் இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரும், சார் நடத்திய அதிர்வுப் பாடமும் இருந்தன. அது போதும் என்று இறங்கினேன்.

முதலில் காது, அப்புறம் கை

பெட்டிக்குள் சுற்றுபவை எவை? விசிறிகள், ஹார்ட் டிஸ்க், இருந்தால் டிவிடி டிரைவ். அவ்வளவுதான். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. மற்றதெல்லாம் இவை போடும் தாளத்துக்கு ஆடுகிற கூட்டம். ஆகவே கத்துவது யார், ஆடுவது யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது ஒவ்வொரு பக்கத் தகட்டையும் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் ஆட்டம். லாரி மெக்கானிக் செய்வது போல நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வெளித் தகட்டில் வைத்து, பிடியைக் காதருகே வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். (ஓடும்போது உள்ளே விடவே கூடாது!) எனக்குக் கிடைத்த குற்றவாளிகள் மூன்று: இடது பக்கத் தகடு, நாலு திருகுக்குப் பதில் ரெண்டே திருகில் தொங்கிய ஹார்ட் டிஸ்க், பெட்டி உட்கார்ந்திருந்த ஸ்டீல் மேஜை.

கொஞ்சம் கணக்கு... பயப்படாதீர்கள்!

ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று. 60ஆல் வகுத்தால் வினாடிக்கு 120. விசிறி 1200 சுற்று என்றால் வினாடிக்கு 20. தகட்டுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, சின்னத் தள்ளலே பெரிய ஆட்டமாகிவிடும். இதுதான் நாம் மனப்பாடம் செய்த ஒத்ததிர்வு. என் கேபினெட் தகட்டை வெர்னியரில் அளந்தேன்: அரை மில்லிமீட்டர். ஆடாமல் என்ன செய்யும்?

அடுத்தது தூசி. விசிறியின் ஓர் இறக்கையில் மட்டும் 0.1 கிராம் அழுக்கு கூடுதலாக, மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் வர்க்கம், மூன்றையும் பெருக்கினால், 1200 சுற்றில் அது ஏறக்குறைய 8 கிராம் எடைக்குச் சமமான விசையால் வெளியே இழுக்கிறது. தன் எடையைப் போல 80 மடங்கு! வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்கு.

சில பெட்டிகள் "உம்ம்... உம்ம்..." என்று ஏறி இறங்கும். ஒரு விசிறி 1200, இன்னொன்று 1230 என்றால் வினாடிக்கு 20, 20.5. வித்தியாசம் அரை. ஆகவே இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இயற்பியலில் படித்த விம்மல் இதுதான்.

வீட்டு வைத்தியம்

எல்லாவற்றுக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஒன்று, பெயிண்ட் பிரஷ்ஷால் விசிறியைத் துடையுங்கள். இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதுகிற காற்றில் அதைத் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

இரண்டு, திருகுகள். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32 என்ற அங்குல மரை. டிவிடி டிரைவுக்கு எம்3. ஒன்றை இன்னொன்றில் திணித்தால் மரை தேய்ந்துவிடும். சரியான நாலு திருகும் போட்டு, நடுவில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் கொடுத்தேன். விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவிலும் அதே டியூபில் ஒரு வளையம்.

மூன்று, பக்கத் தகடு உட்காரும் விளிம்பில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. இடைவெளி போய் இறுக்கமாக உட்கார்ந்தது. தகட்டின் உள்பக்க நடுவில், விசிறிக்கும் போர்டுக்கும் எட்டாத இடத்தில், கனமான பழைய ரப்பர் மேட் துண்டு ஒன்றை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். எடை கூடினால் இயல்பு அதிர்வெண் இறங்கும். ரப்பர் அதிர்வை விழுங்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

நாலு, கால்கள். அறுந்த ஹவாய் செருப்பை நாலு துண்டாக வெட்டிப் பெட்டியின் அடியில் வைத்து, மேஜையிலிருந்து இறக்கிக் கடப்பைக் கல் துண்டின் மேல் உட்கார வைத்தேன். இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை மேஜையில் ஊன்றினால் சத்தம் எப்படி எகிறுகிறது? ஸ்டீல் மேஜை என் பெட்டிக்குச் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ஐந்து, விசிறியில் உரசும் ஒயர்களை ஓரமாக இழுத்துக் கட்டுங்கள். "டகடக" சத்தத்துக்குப் பல சமயம் காரணம் இவ்வளவுதான்.

செலவு? டேப்புகள் 45 ரூபாய், திருகு 4 ரூபாய். டியூப், சைக்கிள் கடை அண்ணன் உபயம். ஆக மொத்தம் 49 ரூபாய்!

சத்தமே இல்லை என்று புளுக மாட்டேன். காற்று வீசும் "உஸ்" இன்னும் இருக்கிறது. தடதடப்பு போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து அசெம்பிளி டிராயிங் போட்டேன். அப்பா மதியம் இரண்டு மணி வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. துண்டு கொடியிலேயே தொங்கியது. அம்மா விற்கிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

இதெல்லாம் வேண்டாம், ப்ளீஸ்!

சத்தத்தை மூடி மறைக்கப் போர்வை போர்த்துவது, காற்றுத் துளைகளைத் தெர்மாகோலால் அடைப்பது இரண்டும் கூடாது. சத்தம் கொஞ்சம் குறையும், உள்ளே வெந்து போகும்.

விசிறி வறண்டு கீச்சிட்டால், எண்ணெய் விடும் வசதியுள்ள ரகமாக இருந்தால் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்! 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். பேரிங்கே ஆடினால் எந்த வைத்தியமும் பலிக்காது, புது விசிறிதான்.

பவர் சப்ளை டப்பாவைத் திறக்காதீர்கள். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

ஹார்ட் டிஸ்க் "டிக்... டிக்..." என்று அடித்தால் அது ஆட்டம் அல்ல, அபாயச் சங்கு. ரப்பரைத் தேடாதீர்கள். முதல் வேலையாக ப்ராஜெக்ட் ஃபைலை வேறிடத்தில் காப்பி எடுங்கள்.

நண்பர்களே, சத்தம் என்பது மெஷின் நம்மிடம் சொல்லும் புகார். அதன் வாயைப் பொத்துவதா, எங்கே வலிக்கிறது என்று கேட்பதா? ரிக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கியதோடு விட்ட பாடத்தை, இன்று இரவே உங்கள் பெட்டியின் மேல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்கள் அறையிலும் யாரோ ஒருவர் தூங்க முடியாமல், சொல்லவும் முடியாமல் படுத்திருக்கலாம்.

என்னிடம் இன்னும் அரை டியூப் மிச்சம் இருக்கிறது. வேண்டியவர்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள். கத்தரிக்கோல் மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள்!