பத்து நாளில் எடுத்த யுத்தப் படம்

யுத்தப் படம் என்றால் இளவயதில் எனக்கு ஒரே பைத்தியம். விமானம், பீரங்கி, கடைசியில் வெற்றிக் கொடி, இவ்வளவு இருந்தால் போதும். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரில் பார்த்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் அந்த ருசியை மாற்றிவிட்டது. படத்தின் பெயர் 'தி ஸ்டீல் ஹெல்மெட்'.

கொரிய யுத்தம் 1950 ஜூனில் ஆரம்பித்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1951 ஜனவரியில் படம் வெளிவந்துவிட்டது. எடுத்தவர் சாமுவேல் ஃபுல்லர். செலவு சுமார் 1 லட்சம் டாலர், படப்பிடிப்பு பத்தே நாள். நாம் கொரியா என்று பார்ப்பது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றை. டாங்கிகூட ஒட்டுப்பலகையில் செய்ததுதான்!

ஆனால் ஃபுல்லர் இரண்டாம் உலகப் போரில் காலாட்படைச் சிப்பாயாக இருந்தவர். நார்மண்டிக் கரையில் இறங்கியவர். அதனால் அவருடைய சார்ஜென்ட் ஸாக் வீரவசனம் பேசுவதில்லை. களைத்துப்போன, முரட்டு மனிதன். அவனை ஒட்டிக்கொண்டு வரும் கொரியச் சிறுவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்தப் பையன் எழுதி வைத்திருந்த பிரார்த்தனையைக் கைதியான வடகொரிய அதிகாரி கேலி செய்ய, ஸாக் ஆத்திரத்தில் அவனைச் சுட்டுவிடுகிறான். அதற்கு முன் அதே கைதி கறுப்பினச் சிப்பாயிடம், உன் ஊரில் பஸ்ஸின் பின்பக்கம்தானே உனக்கு இடம் என்று கேட்கிறான். ஜப்பானிய வம்சாவளிச் சிப்பாயிடம், உங்கள் ஜனங்களை முகாமில் அடைத்தார்களே என்கிறான். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது 1955-ல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சும்மா விடுவார்களா? கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று ஒரு பத்திரிகையாளர் தாக்கினார். இடதுசாரிகள் தரப்பிலோ, பிற்போக்குப் படம் என்று திட்டு. கைதியை நம் சிப்பாய் சுடுவானா என்று ராணுவ அதிகாரிகள் ஃபுல்லரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். போரில் அப்படி நடந்ததுண்டு என்றார் அவர். அவருடைய பழைய தளபதியும் அதை ஆமோதித்தார்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். போட்ட பணத்தைப்போலப் பல மடங்கு வசூல். பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த தேசம் அது. தன் தரப்பின் குறையையும் சேர்த்துச் சொன்ன படத்தை அவர்களால் தாங்க முடிந்தது. பயந்தவர்கள் மேலே இருந்தவர்கள்தான்.

முடிவில் வழக்கமான 'முற்றும்' கிடையாது. இந்தக் கதைக்கு முடிவே இல்லை என்று எழுத்து வருகிறது. இன்றைய செய்தித்தாளைப் பிரித்தால் அது சரி என்றுதான் படுகிறது. கிடைத்தால் ஒருமுறை பாருங்கள்.