சிபாரிசும் பரிந்துரையும்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்த கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப் இரண்டே வகை. ஒன்று மென்பொருள் நிறுவனம், இன்னொன்று மருத்துவமனை. நியூ ஜெர்சியில் கல்லூரி முதலாண்டை முடித்த என் மகள், 2025 கோடையில் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். வாஷிங்டனில், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் ஆபீஸில் எட்டு வாரப் பயிற்சி. ஏற்பாடு செய்வது ஓர் இந்து அமைப்பு. பொதுப் பிரச்சினைகளுக்காகக் குரல் கொடுக்க விரும்பும் இந்துக் கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, நேர்முகம் நடத்தித் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசாங்க அலுவலகங்களில் அமர்த்துகிறார்கள். கொஞ்சம் உதவித்தொகை, மாலையில் வகுப்புகள்.

அந்த வேலைக்கு அவள் சொன்ன பெயர் ‘அட்வகசி’. “வக்கீலுக்குப் படிக்கப் போறியா?” என்றார் என் கணவர். திருச்சியிலிருந்து தொலைபேசியில் பேசிய என் அப்பாவின் சந்தேகம் வேறு. “காங்கிரஸ் ஆபீஸா? நம்ம சத்தியமூர்த்தி பவன் மாதிரியா?”

அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்கே காங்கிரஸ் என்றுதான் பெயர் என்று விளக்கியதும் அப்பாவின் குரலில் ஓர் உற்சாகம். பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்தவர் அவர். எம்.பி. ஆபீஸ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எம்.பி. கூப்பனில் சமையல் எரிவாயு இணைப்பு கிடைத்த காலம் அது. எம்.பி. சிபாரிசில் டெலிபோன் சீக்கிரம் வந்தது. கேந்திரீய வித்யாலயாவில் ஒவ்வோர் எம்.பி.யும் 10 மாணவர்களைச் சேர்க்கச் சொல்லலாம் என்ற ஏற்பாடு 2022-ல்தான் நீக்கப்பட்டது. ஆகவே அப்பா கேட்டது நியாயமான கேள்வி:

“நம்ம பேத்தியே எம்.பி. ஆபீஸ்ல இருக்கா. பேரனுக்கு ஒரு லெட்டர் வாங்கித் தர முடியாதா?”

பேரன் என்றது என் மகனை. சென்னையில் பிறந்து நான்கு வயதில் எங்களோடு அமெரிக்கா வந்தவன். தகப்பனார் ஹெச்-1பி விசாவில் வந்ததால், சார்ந்திருப்போருக்கான ஹெச்-4 விசா அவனுக்கு. அந்த விசா 21 வயது வரைதான். பெற்றோருக்குக் கிரீன் கார்டு வருவதற்குள் பிள்ளைக்கு அந்த வயது கடந்துவிட்டால், அவன் வரிசையிலிருந்து வெளியே. எந்த ஒரு நாட்டவருக்கும் ஓராண்டின் கிரீன் கார்டுகளில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம். இந்தியர்களின் வரிசையோ பல்லாண்டு நீளம். என் கணவரின் விண்ணப்பம் அதில்தான் நிற்கிறது.

2023-ல் மகனுக்கு 21 முடிந்தது. மழலைப் பள்ளி முதல் இங்கேயே படித்தவன், வெளிநாட்டு மாணவன் விசாவுக்கு மாறினான். 2024-ல் கம்ப்யூட்டர் படிப்பு முடிந்தது. இப்போது இருப்பது 2027 வரைக்கான பயிற்சி அனுமதி. ஆண்டுக்கு 85,000 ஹெச்-1பி விசாக்களுக்கு நடக்கும் குலுக்கலில் இரண்டு முறை அவன் பெயர் வரவில்லை. மகள் நியூ ஜெர்சியில் பிறந்தவள்; பிறப்பாலேயே குடியுரிமை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சாம்பாரைச் சாப்பிட்டு வளர்ந்த இருவரில் ஒருத்தி வீட்டுக்காரி, இன்னொருவன் விருந்தாளி.

எனவே அப்பா கேட்டதை நாங்களும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

எனக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அரசாங்க ஆபீஸுக்குள் போகலாமா? மகள் பட்டியல் போட்டாள். கறுப்பின மக்களுக்காக 1976-லும், ஹிஸ்பானியர்களுக்காக 1978-லும் தொடங்கிய அமைப்புகள் மாணவர்களை இப்படி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. சீக்கியர்களுக்கு ஒன்று உண்டு. யூத மாணவர்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் நூற்றுக்கு ஒருவர்தான் இந்து. காங்கிரசின் முதல் இந்து உறுப்பினரான துளசி கப்பார்ட் கீதையின் மீது கை வைத்துப் பதவியேற்றது 2013-ல்தான். அவரும் இந்திய வம்சாவளி அல்ல. 2025 ஜனவரியில் பதவியேற்ற காங்கிரசில் இந்துக்கள் 4 பேர்.

காரணங்களும் இல்லாமல் இல்லை. 2007-ல் செனட் சபையில் முதன்முதலாக இந்துப் பிரார்த்தனை சொல்லப்பட்டபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் எழுந்தது. 2023 டிசம்பரில் கலிபோர்னியாவின் நூவர்க்கிலும், 2024 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் மெல்வில்லிலும், 2025 மார்ச்சில் சினோ ஹில்ஸிலும் சுவாமிநாராயண் கோயில்களை அசிங்கப்படுத்தினார்கள். போலீசில் புகார் செய்வதோடு, சட்டம் செய்பவர்களிடமும் இதைச் சொல்ல ஆள் வேண்டும்தான்.

ஆனால் யார் சொல்வது, யார் சார்பில் சொல்வது என்பது அவ்வளவு எளிதல்ல. கலிபோர்னியாவில் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதா வந்தபோது அதை எதிர்த்த இந்து அமைப்புகளும் உண்டு, ஆதரித்த இந்து அமைப்பும் உண்டு. சட்டமன்றம் நிறைவேற்றிய அதை அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் நிராகரித்தார். ‘இந்துக்களின் கருத்து’ என்று ஒருமையில் சொல்ல முடியாது என்பதை அந்த ஒரு மசோதாவே காட்டிவிட்டது. மாலை வகுப்பில் இதுபற்றி மாணவர்களுக்குள்ளேயே சூடான விவாதம் நடந்ததாம். “சண்டையா?” என்று கேட்டேன். “இல்லைம்மா, எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை அவருக்குப் பிடிக்கிற மாதிரி திருப்பிச் சொல்லிட்டுத்தான் நாம பதில் சொல்லணும்னு ரூல்” என்றாள். நம் தொலைக்காட்சி விவாதங்களுக்கு அந்த விதியை இறக்குமதி செய்யலாம்.

ஆபீஸில் அவளுக்குக் கிடைத்த வேலை தொலைபேசி. அந்த உறுப்பினர் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றைச் சேர்ந்தவர். எந்தக் கட்சி என்று எழுதக் கூடாது என்பது மகளின் உத்தரவு. சோளமும் சோயாவும் விளையும் தொகுதி. காலை 9 மணிக்கு மணி அடிக்கத் தொடங்கும். பென்ஷன் வரவில்லை. பாஸ்போர்ட் தாமதம். முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் தேதி கிடைக்கவில்லை. சிலர் திட்டுவதற்கென்றே கூப்பிடுவார்கள். வாக்கெடுப்பு மணி அடித்தால் உறுப்பினர் ஓடுவார். இவர்கள் போனை வைக்கக் கூடாது. முதல் கேள்வி, “உங்கள் பெயரும் முகவரியும்?” முகவரி தொகுதிக்குள் இருந்தால், என்ன பிரச்சினை, ஆதரவா எதிர்ப்பா என்று கம்ப்யூட்டரில் பதிவார்கள். வெளியே இருந்தால், “உங்கள் தொகுதி உறுப்பினரைக் கூப்பிடுங்கள்” என்று பணிவாகச் சொல்வார்கள். வார இறுதியில் கூட்டிப் போட்ட கணக்கு உறுப்பினரின் மேஜைக்குப் போகும்.

தனிப்பட்டவரின் சிக்கலாக இருந்தால், தன் விவரங்களைப் பார்க்க அனுமதிக்கும் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஆபீஸ் அந்தத் துறைக்கு எழுதிக் கேட்கும்: இந்த விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது? அவ்வளவுதான். ‘கொடுத்துவிடுங்கள்’ என்று எழுதாது. வரிசையில் முன்னால் நிறுத்தாது. பெரும்பாலான ஆபீஸ்களில் குடியுரிமை இல்லாதவருக்கும் இந்த உதவி உண்டு, தொகுதியில் வசித்தால் போதும்.

மூன்றாவது வாரம் ஒரு பெண்மணி கூப்பிட்டார். தொகுதிக்காரர். மகனுக்கு 20 வயது 7 மாதம். தென் கொரியாவிலிருந்து இரண்டு வயதில் வந்தவன். அடுத்த பிறந்த நாளுக்குப் பிறகு என்ன செய்வது? அவர் அழவில்லை, தேதிகளை மட்டும் வரிசையாகச் சொன்னார் என்றாள் மகள். எழுதிக்கொண்டாள். பெயர், முகவரி, பொருள். ஆதரவு: ஒன்று.

அன்று இரவு எனக்குப் போன் செய்து, “அம்மா, அந்தக் கணக்கில் அண்ணா இல்லை” என்றாள். “நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கேன். ஆனா அண்ணா நியூ ஜெர்சி. அவனை என்னால ஒண்ணுன்னுகூடப் போட முடியாது.”

தாத்தாவுக்கு அவளே விளக்கினாள். “தாத்தா, இங்கே சிபாரிசு கிடையாது. யாருக்காகப் பேசறோமோ அவங்க கதையைச் சரியாச் சொல்லணும், அதே கதை இருக்கிற மத்தவங்களையும் சேர்த்துக்கணும், அவ்வளவுதான்.” அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதைத்தாம்மா தமிழ்ல பரிந்துரைன்னு சொல்வாங்க” என்றார். பரிந்து உரைப்பது. சிபாரிசுக்கு ஆளைத் தெரிந்திருந்தால் போதும். பரிந்துரைக்கு அடுத்தவரின் கஷ்டம் தெரிந்திருக்க வேண்டும். நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கி, எம்.பி.யின் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துவிட்டோம்.

வகுப்பில் அவள் படித்த ஒரு வரலாறு எனக்கும் புதிது. ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் ‘இந்து’ என்றே அழைத்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டார். சட்டம் சொல்லும் வெள்ளையர்களில் இந்துக்கள் சேர மாட்டார்கள் என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திந்த் ஒரு சீக்கியர்! ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. திந்துக்கு 1936-ல், முன்னாள் சிப்பாய் என்ற முறையில் கிடைத்தது.

மற்றவர்களுக்குக் கதவு திறந்தது 1946-ல். அதற்காகக் காங்கிரஸ் உறுப்பினர்களின் ஆபீஸ்களுக்கு நடையாய் நடந்தவர்களில் ஒருவர் ஜே.ஜே. சிங், நியூயார்க்கில் துணி வியாபாரம் செய்த சீக்கியர். இன்னொருவர் முபாரக் அலி கான் என்ற முஸ்லிம். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ், ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லர். கிடைத்தது ஆண்டுக்கு 100 பேருக்கு நுழைவு அனுமதியும், குடியுரிமை கோரும் உரிமையும். நூறு என்பது சொற்பம்தான். ஆனால் அந்த உரிமை இருந்ததால்தான் 1956-ல் தலிப் சிங் சவுந்த் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட முடிந்தது. ‘இந்து’ என்று முத்திரை குத்தி மூடிய கதவைத் திறக்க சீக்கியரும் முஸ்லிமும் உழைத்திருக்கிறார்கள், இரு கட்சிகளும் கை கொடுத்திருக்கின்றன. இந்து மாணவர்களுக்கான ஒரு பயிற்சியில் கற்றுத் தர இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தோன்றவில்லை.

என் மகனைப் போன்றவர்களின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் 2 லட்சத்துக்கு மேல் என்பது அவர்களுக்காகப் பேசுவோர் தரும் கணக்கு. இந்தியர்கள் அதிகம், ஆனால் கொரியர்கள், சீனர்கள், பிலிப்பினோக்கள் என்று பலரும் உண்டு. இவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை தர ‘அமெரிக்காவின் குழந்தைகள் சட்டம்’ என்ற மசோதா 2021-லும் 2023-லும் கொண்டுவரப்பட்டது. செனட்டில் அலெக்ஸ் படியா, ராண்ட் பால் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து முன்மொழிந்தார்கள். இரண்டு முறையும் சட்டமாகவில்லை. ‘எங்கள் மதத்துப் பிள்ளைகள்’ என்று யாராவது கேட்டிருந்தால் இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது.

எட்டு வாரம் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தாள். லெட்டர் எதுவும் கொண்டு வரவில்லை. மறுநாள் அண்ணனை உட்காரவைத்து, பென்சிலும் தாளும் கொடுத்தாள். “இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். எப்ப வந்தே, எங்கே படிச்சே, எந்தத் தேதியில என்ன ஆகும், மசோதாவோட பேர் என்ன. கோபப்படாதே. கேக்கறது உன் வயசுப் பையனாத்தான் இருப்பான்.” அவன் மூன்று முறை அடித்து எழுதினான். சாதுவான பிள்ளை, ஹோட்டலில் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்பதற்கே கூச்சப்படுவான்.

எங்கள் தொகுதி உறுப்பினரின் ஆபீஸுக்குப் போன் செய்தான். யாரோ ஒரு மாணவி எடுத்தாள். பெயர் கேட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னான். முகவரி கேட்டாள். பத்தொன்பது வருடமாக இந்தத் தொகுதியில்தான் இருக்கிறோம். அந்த முகவரியை ஓர் அரசாங்க ஆபீஸில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்டது.