ஐந்தரை நிமிஷமும் நம்ம பசங்களும்

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் விதியை மாற்றும்போது காகிதத்தில் ஒரு வரிதான் மாறுகிறது. சேரிப் பசங்களுக்கு ஒரு வருஷமே கைநழுவிப் போகிறது.

அளவுநாடா நம் உடம்புக்குப் புதுசில்லை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் சாதிசாதியாக ஆட்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் உயரத்தையும் அளந்தவர். 1909ல் அதை ஏழு தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். 'போர்க்குடிகள்' என்ற கதையை வெள்ளைக்காரன் கட்டி ஓட்டியதும் அந்தக் காலத்தில்தான். தலைமுறையாகத் துப்பாக்கி பிடித்த மகர்களை 1890களில் வெளியே தள்ளிவிட்டார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி அதே பட்டாளத்தில் சுபேதார். மகர் ரெஜிமெண்ட் என்று ஒன்று எழும்ப 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைக்குக் கேட்பது சென்டிமீட்டர். தென்மாநிலத்துப் பையன் சாதாரணச் சிப்பாயாகச் சேர 166 வேண்டும். தமிழ்நாட்டுப் போலீசில் பொதுவாக 170, தலித்துகளுக்கு 167. பட்டாளத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. ஆனால் பட்டாளத்துக்காரர் மகனென்றால் 2 சென்டிமீட்டர் தள்ளுபடி உண்டு. அப்பன் போயிருந்தால் மகனுக்கு வழி லேசு. உள்ளேயே விடப்படாதவனின் பேரனுக்கு? சின்ன வயசில் சரியாகச் சோறு கிடைக்காமல் குறைந்துபோன 2 சென்டிமீட்டருக்கு எந்த விதியிலும் இடமில்லை.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 400 மீட்டர் பாதையென்றால் நாலு சுற்று. எங்களுக்குப் பாதை ஏது? ஏரிக்கரைதான். பைக் மீட்டரைப் பார்த்து வேப்பமரத்திலிருந்து மதகுவரை கோடு போட்டோம். ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம் உண்டு. ரெண்டு நாள் ஓடினார்கள், மூணாம் நாள் பூட்டு. "யாரத் தொரத்திக்கிட்டு ஓடுறீங்கடா?" என்று கேலி வேறு. அதனால்தான் விடிகாலை நாலரை மணி. கம்பியில் பத்துமுறை எம்பினால் 40 மதிப்பெண், ஆறுக்குக் கீழே போனால் வெளியே. முதலில் புளியங்கிளையில் தொங்கினார்கள். கிளை தடிமன், பிடி நிற்கவில்லை. அப்புறம் வெல்டிங் கடையில் ஒரு பழைய குழாய் கிடைத்தது. செங்கல் சுமந்த கைகளாச்சே, எம்பத் தெரியும். ஆனால் ராத்திரிச் சோற்றில் தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, காலையில் எம்பி, எட்டு மணிக்குச் சித்தாள் வேலைக்கும் போகணும்.

இப்படித் தயாரான பசங்களைக் கொரோனா வந்து 2020லும் 2021லும் உட்கார வைத்தது. 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நாலு வருஷம்தான் வேலை, அதற்குப்பிறகு நாலில் ஒரு பங்குக்கு மேல் நிலைக்க முடியாது. வயசு 21 வரை என்றார்கள், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 23. அதையும் தாண்டிவிட்டவர்கள் எங்க தெருவிலேயே மூணு பேர். 2023ல் வரிசையே தலைகீழானது. முன்னெல்லாம் முதலில் ஓட்டம், எழுத்து அப்புறம். இப்போது 250 ரூபாய் கட்டி, டவுனுக்குப் போய், கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதித் தேறினால்தான் மைதானத்தையே பார்க்கலாம்.

"எங்கிட்ட கால் ஒண்ணுதாண்ணே இருந்துச்சு. இப்ப அதைக் கடைசியில கேக்குறாங்க" என்றான் ஒருத்தன். மவுஸை அவன் அதுவரை தொட்டதில்லை.

ஆயிரக்கணக்கான பசங்களை ராத்திரி முழுக்க மைதான வாசலில் குந்தவைத்த பழைய முறை நல்லது என்று நான் வாதாடவில்லை. 2025ல் தமிழிலேயே எழுதலாம் என்று வந்தது, அதை வரவேற்கவும் செய்கிறேன். ஆனால் மாற்றத்தை அறிவிக்கிறவர்கள் தயாராகிறதுக்கு ஆகும் செலவை எங்கே எழுதுகிறார்கள்? மைதானம் யார் தருவது, கம்ப்யூட்டர் யார் தருவது, இழந்த கூலியை யார் தருவது?

அதே 2025ல் ஓட்டத்தையும் தளர்த்தினார்கள். முன்பு 5.45 தாண்டினால் வெளியே. இப்போது 6 நிமிஷத்துக்கு 36, ஆறேகாலுக்கு 24. பசங்க துள்ளிக் குதித்தார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து ஓடச் சொல்லித்தரும் எங்க பெரியப்பாதான் அடக்கினார்: "கதவத் தொறந்துட்டு பந்தியில கடைசி எலை போட்டிருக்கான். அஞ்சரைக்கே ஓடுங்கடா."

இப்போது பத்தாவது முடித்த பெண்பிள்ளை ஒன்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பெண்களுக்கு ராணுவப் போலீஸ், உயரம் 162, ஏழரை நிமிஷம். உயரம் சரியாக இருக்கிறது. நாலரை மணி இருட்டுதான் பிரச்சனை. "விடிஞ்சா ஊர்க்காரன் பாப்பான், விடியலன்னா எவன் நிப்பானோ" என்றது அம்மா. ஒரு வாரம் யோசித்து, அம்மாவும் கூடவே கரைக்கு வருகிறது, புல்லறுக்கப் போகிற மாதிரி கையில் அருவாளோடு. போன திங்கட்கிழமை எட்டு நிமிஷம் இருபது செகண்டு.